தாமதம் இழப்பல்ல

போட் கட்டுகிற எங்கள் ஜெட்டியில் இப்போது நினைத்த நேரத்தில் யாரும் வாய் திறக்க ஏலாது. "பேசுவதற்கு முன் கேட்கவும்" என்று மூன்று மொழியிலும் பலகை நட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அமைதி காத்தமைக்கு நன்றி என்றும் போட்டிருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. குறை சொல்வதற்கு முறைப்பாட்டுப் படிவம் என்று ஒன்று உண்டு. அது முடிந்துபோய், அச்சடிக்கக் கொழும்புக்கு எழுதியிருக்கிறார்கள்.

என் பேர் அஸீம். மூதூர்ப் பக்கம், கொட்டியாரக்குடாவை ஒட்டியிருக்கிற எங்கள் மீனவர் சங்கத்தில் பத்தொன்பது வருசம் ரேடியோ செட்டுக்கு முன்னால் குந்தியிருந்தவன். அப்படியொன்றும் பெரிய உத்தியோகமில்லை. சங்கத்தில் முப்பத்தொரு போட். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கடலுக்குப் போவார்கள், மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னே கரைக்கு வந்துவிடுவார்கள். இடையில் எட்டு மணிக்கும் பத்தரைக்கும் நான் ஒவ்வொரு போட்டின் பேரையும் சொல்லிக் கூப்பிடுவேன். "ஓம், இரிக்கம்" என்று பதில் வரும். வந்தால் கொப்பியில் ஒரு கோடு. வராவிட்டால் மூன்று தரம் கூப்பிடுவேன். மூன்றாம் தரத்துக்கும் பதில் இல்லையென்றால், பக்கத்தில் நிற்கிற போட்டுகள் வலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பும். யாரும் யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை, அதுதான் வழக்கம். பத்தொன்பது வருசத்தில் ஏழு தரம் அப்படித் திரும்பினார்கள். ஆறு தரம் எஞ்சின் பிழை. ஒரு தரம் போய்ப் பார்த்தால் ஆள் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருந்தார். ஈரச் சட்டையைக் கழற்றிச் செட்டுக்கு மேலே காயப் போட்டிருந்தார். அவரை ஒரு வருசம் பகிடி பண்ணினோம்.

ஆக, எங்களுக்குப் பதில் வராததுதான் செய்தி. இது பிழையான கொள்கை என்று பணிப்பாளர் ஆனந்தராசா சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

அவர் "குடாப் பிரதேசக் கம்பியில்லா இணைப்புச் சேவைத் தர மேம்பாட்டு அலகு" என்பதன் பணிப்பாளர். பேரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க ஏலாததால் நாங்கள் அலகு என்போம். அலகு வந்த நாளில் எங்களிடம் வைஃபையே இருக்கவில்லை. இல்லாத ஒன்றின் தரத்தை எப்படி உயர்த்தப் போகிறார்கள் என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். இப்போதைய தரம் பூச்சியம் என்பதால் உயர்த்துவது சுகம் என்று பணிப்பாளர் விளக்கினார். அதன்பிறகு மேட்டில் ஒரு கோபுரம் எழுந்தது. போட்டுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி கொடுத்தார்கள். குடாவின் வாயைத் தாண்டினால் கைத்தொலைபேசி எடுக்காது. ஆனால் பெட்டியோடு போனை இணைத்துச் செய்தி எழுதினால் அது கோபுரத்துக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வரும். நல்ல விசயம்தான். நானே முதல் ஆளாகக் கை தட்டினேன்.

கூட்டத்தில் பணிப்பாளர் இப்படிச் சொன்னார்:

"அன்பர்களே, காற்று என்பது ஒற்றையடிப் பாதை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். இருவர் புகுந்தால் மோதல். மோதினால் இருவரின் செய்தியும் கெட்டுவிடும். ஆகவே யார் முதலில் போவது, யார் ஒதுங்கி நிற்பது என்று தீர்மானிப்பதற்கே தரம் என்று பெயர். நாங்கள் நான்கு வகுப்பு வைத்திருக்கிறோம். முதலாவது குரல், இரண்டாவது காணொளி, மூன்றாவது சாதாரணம், நான்காவது பின்னணி. பின்னணி என்றால் கீழானது என்று யாரும் மனம் நோகத் தேவையில்லை. அதற்கும் உரிய இடம் உண்டு. மற்ற மூவரும் போன பிறகு."

என் தங்கச்சி ஆதிலாவின் மாப்பிள்ளை பஸ்லான் எழுந்தான். கூட்டங்களில் எழும்புகிற ஆள் இல்லை அவன்.

"அப்ப எங்கட செய்தி எந்த வகுப்பில சேர் போகும்?"

"அதைப் படிவம் தீர்மானிக்கும்" என்றார் பணிப்பாளர்.

படிவத்தில் பதினான்கு கேள்வி. முப்பத்தொரு பேரும் படிவத்தை என்னிடம்தான் கொண்டுவந்து போட்டார்கள், என் கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும். பதினோராவது கேள்வியில் பேனை நின்றது. "உமது பயன்பாட்டின்போது உயிராபத்து நேரக்கூடுமா? ஆம் / இல்லை."

கடலுக்குப் போகிற வீட்டில் அந்தக் கதையை எடுப்பதில்லை. போட் தாழும் என்ற பேச்சே எங்கள் ஜெட்டியில் கிடையாது. பழுதாகிக் கரையில் கிடக்கிற போட்டைக்கூட "அது ஓய்வில இரிக்கி" என்றுதான் சொல்வோம். பஸ்லானின் படிவத்தை நான் நிரப்பும்போது ஆதிலா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். மூத்தவன் என்பதால் அவளுக்கு நான் 'நானா'.

"நானா, அதுக்கு ஓம் எண்டு போட்டிராதீங்க. வாயால வரப்படாதது கையாலயும் வரப்படாது."

"எனக்குத் தெரியாதா புள்ள" என்றேன். இல்லை என்று எழுதினேன். முப்பத்தொரு படிவத்திலும் எழுதினேன், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

ஒரு கிழமையில் முடிவு வந்தது. முப்பத்தொரு போட்டும் பின்னணி. அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று எழுதியவர் கடற்கரை விடுதிக்காரர் ஒருவர்தான். வெள்ளைக்காரர் போனில் படம் பார்க்கும்போது இடையில் நின்றால் தனக்கு உயிரே போகிறது என்று மேலதிகத் தாளும் இணைத்திருந்தாராம். அவருக்குக் காணொளி வகுப்பு கிடைத்தது. குரல் வகுப்பை அலகு தனக்கே வைத்துக்கொண்டது.

அடுத்த நாள் என் ரேடியோ செட்டைத் தேடி அலகிலிருந்து ஆள் வந்தது. செட் இடையூறாம். "இது வேற அலைவரிசை சேர், உங்கட பெட்டியோட இதுக்குச் சம்பந்தமில்ல" என்றேன். "சம்பந்தமில்லாமல் ஒன்று இயங்குவதே இடையூறுதான்" என்று பதில் வந்தது. செட்டுக்குக் குறுக்கே சிவப்பு நாடா ஒட்டினார்கள். போட்டுகளில் இருந்த செட்டுகளைக் கழற்றி அலகின் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அது அவர்களின் பெருந்தன்மை. எனக்கு "அமைதி ஒருங்கிணைப்பாளர்" என்ற பதவி கிடைத்தது. எந்தப் போட் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று மாதம் ஒரு தரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அலகின் கணக்கு இப்படித்தான். செய்தி அனுப்பினால் மோதலுக்கு இடமுண்டு. மோதினால் புள்ளி குறையும். முறைப்பாடு செய்தால் இன்னும் குறையும். ஒன்றுமே அனுப்பாத போட்டுக்கு நூற்றுக்கு நூறு. மூன்று மாதம் தொடர்ந்து நூறு எடுத்தது ஒரே போட்தான், பஸ்லானின் "நஜ்முன் நிஸா". அவனுடைய உம்மாவின் பேர் அது. சிறந்த பயனாளர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள், ஆதிலா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

"மூணு மாசமா ஒண்டும் எழுதல்லயா நீ?" என்று கேட்டேன்.

"என்னத்த எழுத மச்சான்? மீன் கடல்ல இரிக்கி, நான் போட்ல இரிக்கன். நீங்க கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லுவன். நீங்கதான் கூப்பிடுறல்லயே."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இதற்கிடையில் காற்றுக்குப் போட்ட சட்டம் தரைக்கும் வந்தது. அலகின் கந்தோரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் அது மோதல். இருவரும் வெளியே போய், வாசலில் இருக்கிற தகர டப்பாவில் ஆளுக்கொரு துண்டு எடுக்க வேண்டும். துண்டில் எத்தனை எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிசம் வெயிலில் நிற்க வேண்டும். திரும்பி வந்து மறுபடி மோதினால் டப்பா மாறும், இரண்டாவது டப்பாவில் ஆகக்கூடிய எண் இரட்டிப்பு. மூன்றாவதில் அதற்கும் இரட்டிப்பு. பெட்டிகளும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று வழி விடுகின்றனவாம். பெட்டிக்குச் சரிவருவது மனிசருக்குச் சரிவராமல் போகுமா என்று பணிப்பாளர் கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் இரண்டு பேராவது ஒன்றாகச் சொல்லியிருப்போம்.

பிறகு தர வாரம் வந்தது. சனிக்கிழமை நிறைவு விழா, கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். எங்கள் அமைதியை அவர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டுமென்று செவ்வாய் தொடக்கம் காலையிலிருந்து மாலை வரை கோபுரத்திலிருந்து கொழும்புக்கு நேரலைக் காணொளி. மாலையானதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கோபுரத்தையே நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியவே கச்சான் காற்று. தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று அது, எஞ்சின் இருக்கிறவனுக்குப் பயமில்லை. லுஹருக்கு முப்பது போட் வந்து சேர்ந்தது. நஜ்முன் நிஸா வரவில்லை. காலையில் பத்தரைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நேரலைக்காக ஜெட்டியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு நான் பஸ்லானைக் கூப்பிடவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இதற்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஆதிலாவும் நானும் அலகின் கந்தோருக்கு ஓடினோம். மேசையில் சிவாஜினி. நல்ல பிள்ளை, அலகு வருமுன் எங்கள் சங்கத்தில்தான் எழுதுவினைஞராக இருந்தவள்.

"அவர் இன்னும் வரல்ல..." என்று ஆதிலாவும் "பஸ்லான்ட போட்..." என்று நானும் ஒரே நேரத்தில் தொடங்கினோம்.

சிவாஜினி கண்ணை மூடினாள். அவளுக்குப் பின்னால் சுவரில் கமரா.

"நானா, நான் என்ன செய்ய? ரெண்டு பேரும் ஒண்டாக் கதைச்சிட்டீங்கள். வெளியில போங்கோ. கெதியா எடுத்துக்கொண்டு வாங்கோ."

எனக்கு நாலு, ஆதிலாவுக்கு ஏழு. ஏழு நிமிசம் கழித்து உள்ளே போனோம். நான் பேச வாயெடுத்த நேரம் விடுதிக்காரர் கதவைத் திறந்துகொண்டு, தன் காணொளி நடுங்குகிறது என்றார். மோதல். இரண்டாவது டப்பாவில் எனக்குப் பதின்மூன்று. அதையும் நின்று முடித்தேன். மூன்றாம் தரம் நான் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஆதிலா தன்னை அறியாமல், "யா அல்லாஹ்" என்று அழுதுவிட்டாள். அதுவும் மோதல்தான், ஒரே விசயத்துக்கு மூன்றாவது மோதல். மூன்றாவது டப்பாவில் அவளுக்கு முப்பத்தொன்று வந்தது. சங்கத்தில் எத்தனை போட் இருந்ததோ அத்தனை. துண்டைக் கையில் பொத்திக்கொண்டு அவள் வெயிலில் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை, பழகிவிட்டோம்.

கடைசியில் பணிப்பாளரே வெளியே வந்து எங்களை உள்ளே கூட்டிப் போனார். பெரிய திரையில் குடாவின் படம். கட்டைபறிச்சான் பக்கம் கரையை ஒட்டி ஒரு பச்சைப் புள்ளி.

"பாருங்கள், நஜ்முன் நிஸா. பச்சை."

"பச்சை எண்டா என்ன சேர்?"

"முறைப்பாடு இல்லை என்று அர்த்தம். ஏதும் நேர்ந்திருந்தால் செய்தி வந்திருக்குமே. காலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. மிகச் சிறந்த நிலை."

"ஆள் எங்க சேர்?" என்றாள் ஆதிலா.

"அம்மா, ஆளின் நிலை எமது அளவுகோல்களில் இல்லை. இணைப்பின் நிலைதான் உண்டு."

கடற்படைக்குச் சொன்னோம். உடனே படகு அனுப்பினார்கள், எங்கே தேடுவது என்று கேட்டார்கள். அலகு எழுத்தில் கொடுத்த இடத்தைக் காட்டினோம். அவர்களும் எங்கள் முப்பது போட்டும் அந்தப் பச்சைப் புள்ளியைச் சுற்றிச் சுற்றித் தேடினோம். புதன் தேடினோம், வியாழன் தேடினோம், வெள்ளி ஜும்ஆவுக்குப் போய் துஆ கேட்டுவிட்டு வந்து தேடினோம். அங்கே கண்டல் வேரும் தண்ணியும்தான் இருந்தது. திரையில் புள்ளி அசையவே இல்லை. கச்சான் அடிக்கிற கடலில் மூன்று நாள் அசையாமல் நிற்கிற போட் எது என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசித்தோம். நங்கூரம் போட்டிருப்பான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அரசாங்கத்தின் திரை பொய் சொல்லும் என்று நம்புவதற்கு எங்களுக்குப் பழக்கம் போதாது.

சனிக்கிழமை காலை ஆதிலாவுக்கு அழைப்பு வந்தது. அலகின் மண்டபத்துக்குக் கட்டாயம் வரவும் என்று. ஏதோ தகவல் கிடைத்துவிட்டது என்று நினைத்து, செருப்பும் போடாமல் வந்தாள். மண்டபம் நிறையப் பிளாஸ்டிக் கதிரை. முன்வரிசையில் கொழும்புப் பெரியவர்கள். பின்னால் முப்பது போட்டின் ஆட்கள், வருகை கட்டாயம் என்பதால். மேசையில் ஒரு வெண்கலக் கிண்ணம். மூன்று மாதமும் நூற்றுக்கு நூறு எடுத்த பயனாளருக்கு வருடத்தின் சிறந்த அமைதிக்கான விருது. பயனாளர் சமுகம் தராதபடியால் அவருடைய மனைவி பெற்றுக்கொள்வார்.

"நானா, இதுக்கா கூப்பிட்ட?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பணிப்பாளர் ஒலிவாங்கிக்கு வந்தார்.

"பெரியோர்களே, சிலர் எமது சேவையில் தாமதம் என்கிறார்கள். தாமதம் இழப்பல்ல. இந்த வலையமைப்பில் இன்றுவரை ஒரு செய்தியும் தொலைந்ததில்லை. பின்னணி வகுப்பின் செய்திகள்கூட வரிசையில் பொறுமையாகக் காத்து நிற்கின்றன. இதை உங்கள் கண்முன்னே நிரூபிக்கிறேன். காணொளியை ஒரு நிமிடம் நிறுத்தி, அவற்றை விடுவிக்கிறேன். திரையைப் பாருங்கள்."

அவர் ஒரு பொத்தானை அமத்தினார். திரையின் அடியில் ஓர் எண், ஒப்படைத்த செய்திகள் தொண்ணூற்றிரண்டு வீதம். அதற்கு மேலே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சைச் சரி.

நஜ்முன் நிஸா, செவ்வாய் 9.12. மச்சான் எஞ்சின் நிண்டுட்டு. குடா வாயில நிக்கன்.

9.40. கச்சான் வெளிய இழுக்குது. ரெண்டு போட்ட அனுப்புங்க.

10.30. பத்தரையாகிட்டு. நீங்க கூப்பிடல்லயே.

11.25. வெளிச்சவீடு இப்ப எனக்குப் பின்னால தெரியிது. கரை தெரியல்ல.

1.05. தண்ணி ஏறுது. அள்ளி ஊத்துறன்.

2.20. ஆதிலாட்ட சொல்லாதீங்க.

2.48. மூணு தரம் கூப்பிடுங்க மச்சான்.

எண் நூறானது. முன்வரிசை கை தட்டியது. அவர்களைக் குறை சொல்ல ஏலாது, அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எண்ணைத்தான் பார்த்தார்கள். பணிப்பாளருக்குத் தமிழ் தெரியும். அவரும் எண்ணைத்தான் பார்த்தார்.

ஆதிலா எல்லாவற்றையும் வாசித்தாள். சொல்லாதீங்க என்றதையும் வாசித்தாள்.

நான் எழுந்தேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை, பத்தொன்பது வருசப் பழக்கம். "நஜ்முன் நிஸா" என்று கூப்பிட்டேன். பொறுத்தேன். "நஜ்முன் நிஸா." கைதட்டல் நின்றது. "நஜ்முன் நிஸா, கேக்குதா?"

பதில் இல்லை. பின்வரிசையில் கதிரைகள் நகர்ந்தன. முப்பது போட்டின் ஆட்களும் எழுந்து, யாரிடமும் கேட்காமல், மண்டபத்தை விட்டு ஜெட்டிக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின்கள் ஒன்றாக உறுமுகிற சத்தம் கேட்டது. நிறுத்திய காணொளியை யாரும் திரும்பப் போடவில்லை. திரையில் முப்பது பச்சைப் புள்ளிகள் கரையை விட்டு, குடாவின் வாயைத் தாண்டி வெளியே போயின. ஒரு புள்ளி மட்டும் கட்டைபறிச்சான் பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது, செவ்வாய் காலை காணொளி தொடங்குமுன் அவன் கடைசியாகத் தெரிந்த இடத்தில்.

"முறைப்பாடு ஏதும் உண்டா?" என்று பணிப்பாளர் கேட்டார்.

சிவாஜினி பேனையைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் எட்டி அந்தப் பேனையை எடுத்து, இல்லை என்று தானே எழுதினார்.

மறுநாள் வெளிக்கடலில் போட் கிடைத்தது, பாதி தண்ணீரோடு. வெள்ளைப் பெட்டி நல்ல நிலையில் இருந்தது, அலகு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பஸ்லான் கிடைக்கவில்லை.

இது நடந்து எட்டு மாதம். கந்தோரில் விளக்கு எரிகிற எந்த நாளிலும் யன்னலால் பார்த்தால் திரையில் அந்தப் புள்ளி தெரியும், இன்னும் பச்சை. மாதாமாதம் நூற்றுக்கு நூறு. அதை அணைத்துவிடச் சொல்லி ஆதிலா மூன்று தரம் போய்க் கேட்டுவிட்டாள். அதற்கு முறைப்பாட்டுப் படிவம் நிரப்ப வேண்டுமாம். படிவம் இன்னும் கொழும்பிலிருந்து வரவில்லை.